பனிமலைக்குப் பறந்த சோவியத் விமானங்களும் நம் தாம்பரமும்



போன வாரம் என் பேரனின் கணினித் திரையைப் படம் எடுத்து இங்கே போட்டிருந்தேன். பனிமலைக்கு மேலே, இரண்டு அடுக்கு இறக்கையோடு ஒரு பழைய விமானம் பறக்கும் படம். "டீச்சர், இது எந்த ஊர்?", "என்ன விமானம் டீச்சர்?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். "பெரியம்மா, இந்த வயசுல வீடியோ கேமா?" என்று உறவில் ஒரு கிண்டலும் வந்தது. எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். வகுப்பில் 40 நிமிடம் அசையாமல் உட்கார்ந்தவர்கள்தானே நீங்கள், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்த விளையாட்டைச் சொல்கிறேன். அதன் பெயர் ஃப்ளைட் சிமுலேட்டர். விமானம் ஓட்டுவதைக் கணினியில் அப்படியே செய்து பார்க்கும் மென்பொருள். சுட்டு வீழ்த்துவது, மதிப்பெண் வாங்குவது எல்லாம் இதில் முக்கியம் இல்லை. செயற்கைக்கோள் படங்களை வைத்து உலகம் முழுவதையும் உள்ளே கொண்டுவந்திருக்கிறார்கள். மலை, ஆறு, ஊர் எல்லாம் அந்தந்த இடத்தில் இருக்கின்றன. இன்றைக்கு அங்கே என்ன காற்று, என்ன மேகமோ அதையும் திரையில் வரவழைக்கலாம். பிடித்த விமானத்தை எடுத்துக்கொண்டு பிடித்த ஊரிலிருந்து கிளம்பலாம். புவியியல் பாடம் நடத்தியவளுக்கு இதைவிட நல்ல நிலவரைபடம் கிடைக்காது.

படத்தில் இருந்தது ஏஎன்-2. சோவியத் ஒன்றியத்தின் விமான வடிவமைப்பாளர் ஒலெக் ஆன்டனோவின் குழு உருவாக்கியது. முதன்முதலில் பறந்த நாள் 31-8-1947. நம் நாடு விடுதலை பெற்றுப் பதினாறு நாள்தான் ஆகியிருந்தது. ஒரே எஞ்சின், 1000 குதிரைத்திறன். வயலுக்கு மருந்து தெளிக்கவும், சைபீரியாவில் தபால் கொண்டுபோகவும், பனியில் சறுக்குக்கட்டை பூட்டி இறங்கவும் பயன்பட்டது. 18,000-க்கும் மேல் செய்திருக்கிறார்கள். பார்க்க நம் ஊர் மினிவேனுக்கு இறக்கை வைத்தது போல இருக்கும். இரைச்சலும் அப்படித்தான்.

"இதை எடுத்துக்கொண்டு குலுவிலிருந்து லேவுக்குப் போ பார்க்கலாம்" என்று பேரனிடம் சொன்னேன். குலு பள்ளத்தாக்கில் புந்தர் என்ற இடத்தில் விமான நிலையம் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பி, பியாஸ் ஆற்றை ஒட்டி மணாலி வரை போய், ரோதங் கணவாயைத் தாண்டினான். ரோதங்கின் உயரம் 3,978 மீட்டர். முக்கி முனகித் தாண்டியது. அதற்கு அப்பால் லாகுல் பகுதி. அங்கிருந்து லடாக்கு போக பாரலாச்சா கணவாயைத் தாண்ட வேண்டும். அது சுமார் 4,900 மீட்டர். விமானம் 4,500 மீட்டரோடு நின்றுவிட்டது. மூக்கைத் தூக்கினால் வேகம் குறைகிறது. வேகத்தைக் கூட்டினால் உயரம் குறைகிறது. இரண்டு பக்கமும் பாறை. கடைசியில் மோதிவிட்டது. பேரன் சிரித்துக்கொண்டே ஒரு பொத்தானை அழுத்தினான். விமானம் மறுபடியும் புந்தர் ஓடுபாதையில் புதுசாக நின்றது.

ஏன் ஏறவில்லை? இது அறிவியல் பாடம், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மேலே போகப் போகக் காற்று மெலிந்துகொண்டே போகும். லே ஓடுபாதை 3,256 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் நம் கடலோரத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். ஐயாயிரம் மீட்டருக்கு மேல் போனால் பாதியை ஒட்டி வந்துவிடும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எஞ்சின் லைனில் வேலை பார்க்கும் என் மாணவர்களுக்கு இது சட்டென்று புரியும். எஞ்சினுக்குள் போகும் காற்று குறைந்தால் எரிபொருள் சரியாக எரியாது, இழுவை போய்விடும். விமானத்துக்கு இந்த இழப்பு ஒன்றல்ல, மூன்று. எஞ்சினுக்குக் காற்று போதாது. சுழலும் விசிறிக்குத் தள்ளக் காற்று போதாது. இறக்கைக்குத் தாங்கக் காற்று போதாது. பனிமலையில் பறப்பது அதனால்தான் வேறு வித்தை.

இனி வரலாற்றுக்கு வருகிறேன். பேரன் விளையாட்டில் முயன்ற இந்த வழி, நம் நாட்டுக்கு விளையாட்டே அல்ல. பிழைப்பு.

1948-இல் காஷ்மீர்ப் போர் லடாக் வரை பரவியது. லே நகரத்துக்கு ஆபத்து. தரைவழி ஸ்ரீநகரிலிருந்து சோஜி லா கணவாய் வழியாக வரவேண்டும். குளிர்காலத்தில் அது பனியில் மூடிவிடும். சோனம் நோர்பு என்ற லடாக்குப் பொறியாளர், ஊர் மக்களை வைத்துக்கொண்டு சிந்து நதிக்கரை மணலில் ஓர் ஓடுபாதை போட்டார். 24-5-1948 அன்று ஏர் கமோடர் மெஹர் சிங், ஜெனரல் திம்மையாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, ஒரு டகோட்டா விமானத்தில் அங்கே போய் இறங்கினார். லேயில் இறங்கிய முதல் விமானம் அதுதான். டகோட்டா அமெரிக்க விமானம், இரண்டாம் உலகப் போர்க் காலத்தது. நம் பேரனின் ஏஎன்-2 போல அதுவும் மெலிந்த காற்றுக்காகச் செய்யப்பட்டது அல்ல. ஓட்டியவரின் துணிச்சல்தான் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

துணிச்சலை மட்டும் நம்பி ஒரு நாட்டின் எல்லைக்கு அரிசி அனுப்ப முடியாது இல்லையா? எல்லையில் நிற்கும் சிப்பாய்க்கு மாவு வேண்டும், பருப்பு வேண்டும், மண்ணெண்ணெய் வேண்டும், கம்பளி வேண்டும், குண்டு வேண்டும், வீட்டுக் கடிதமும் வேண்டும். குளிர்காலம் முழுவதும் அத்தனையும் வானத்தில்தான் போகவேண்டும். அமெரிக்காவின் பாக்கெட் என்ற சரக்கு விமானத்தை வாங்கி, பலம் போதாமல் அதன் முதுகில் கூடுதலாக ஒரு ஜெட் எஞ்சினைப் பூட்டினார்கள். அப்படிப்பட்ட பாக்கெட் ஒன்று 23-7-1962 அன்று தௌலத் பேக் ஓல்டி என்ற இடத்தில் இறங்கியது. உயரம் 16,614 அடி. உலகத்தின் மிக உயரமான ஓடுபாதைகளில் ஒன்று.

இந்தச் சூழலில்தான் சோவியத் விமானங்கள் வருகின்றன. 1961-இல் நம் விமானப்படை ஏஎன்-12 விமானங்களைப் பெற்றது. அதற்காகவே 44-ஆம் ஸ்குவாட்ரன் உருவானது. அவர்களுக்கு 'இமாலய வாத்துகள்' என்றே பெயர்.

ஏஎன்-12 என்ன மாதிரி விமானம்? நான்கு எஞ்சின். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4,000 குதிரைத்திறன். ஏஎன்-2-இன் எஞ்சின் போல பிஸ்டன் எஞ்சின் அல்ல. ஜெட் எஞ்சினின் சுழற்சியைக் கொண்டு விசிறியைச் சுற்றும் டர்போபிராப். மெலிந்த காற்றிலும் இதற்கு மூச்சு இருக்கும். 20 டன் வரை சுமக்கும். பின்பக்கம் முழுதும் கதவாகத் திறக்கும், லாரியையே உள்ளே ஓட்டிவிடலாம். சைபீரியாவின் கரடுமுரடான ஓடுபாதைக்கும் உறையும் குளிருக்கும் என்றே செய்தது. அதனால் லடாக்கு அதற்குப் புதிய ஊராகத் தெரியவில்லை. போர்க்காலத்துக்காக வாலில் ஒரு துப்பாக்கிக்காரர் உட்காரும் இடம் கூட உண்டு.

வந்த மறு வருடமே அதற்குப் பரீட்சை வந்துவிட்டது. 1962 அக்டோபரில் சீனப் போர். 25-10-1962 அன்று சண்டிகரிலிருந்து ஏஎன்-12 விமானங்கள் ஏஎம்எக்ஸ்-13 டாங்குகளைத் தூக்கிக்கொண்டு சுசூல் என்ற இடத்துக்குப் போயின. சுசூல் ஓடுபாதை 14,000 அடிக்கு மேல். டாங்கு பிரெஞ்சு நாட்டுடையது, விமானம் ரஷ்யர்களுடையது, ஓட்டியவர்கள் நம்மவர்கள். அந்த உயரத்துக்கு டாங்குகள் வரும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். நவம்பர் 18 அன்று சுசூலைச் சுற்றிய குன்றுகளில், ரெசாங் லாவும் சேர்த்து, கடும் சண்டை நடந்தது. சுசூல் ஓடுபாதை எதிரி கைக்குப் போகவில்லை.

நான் 1982-இல் ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்கு வந்தேன். 36 வருடப் பணியில் சமூக அறிவியல் புத்தகங்கள் எத்தனையோ முறை மாறின. 1962 போர் என்றால் எல்லாவற்றிலும் பிரதமர் பெயர் இருக்கும், எல்லைக்கோட்டின் பெயர் இருக்கும், பஞ்சசீலம் இருக்கும். சரக்கு விமானத்தைப் பற்றி ஒரு வரி இருக்காது. தேர்வுக்கு வராது என்பதால் நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் எல்லை என்பது வரைபடத்துக் கோடு மட்டும் இல்லை. அந்தக் கோட்டில் ஒருவன் நிற்க வேண்டும், அவனுக்கு யாராவது சோறு கொண்டுபோக வேண்டும். அந்தச் சோறு போன வழியைத்தான் இன்றைக்கு உங்களுக்குச் சொல்கிறேன்.

உறவினர்களுக்கு எங்கள் சின்ன மாமாவைத் தெரியும். ராணுவத்தில் மெக்கானிக்காக இருந்தவர். 1970-களின் தொடக்கத்தில் லேயில் இருந்தார். விடுமுறை முடிந்து திரும்பும்போது சண்டிகரில் தங்கல் முகாமில் காத்திருக்க வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பி ஓடுபாதைக்குக் கூட்டிப் போவார்களாம். மலையில் காலை நேரம்தான் அமைதி. வெயில் ஏறினால் காற்று கிளம்பிவிடும், இறங்க முடியாது. இன்றும் லேவுக்கு விமானங்கள் பெரும்பாலும் காலையில் போவதற்கு அதுதான் காரணம். மேகம் மூடியிருந்தால் "இன்று இல்லை" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். சில சமயம் நான்கு நாள், ஐந்து நாள் இப்படியே போகும்.

உள்ளே போனால் இருக்கை கிடையாது. பக்கச் சுவரை ஒட்டியும் தரையிலும் நெருக்கி உட்காருவார்களாம். ஏஎன்-12-இன் சரக்கு அறையில், இன்றைய பயணிகள் விமானத்தில் இருப்பது போலக் காற்றழுத்தத்தைச் சமன்செய்யும் வசதி கிடையாது. விமானி இருக்கும் பகுதிக்கும் அதை ஒட்டிய சிறு அறைக்கும் மட்டும்தான் அது உண்டு. விமானம் மேலே ஏற ஏறக் காது அடைக்கும், தலை விண்விண்ணென்று வலிக்கும், குளிர் எலும்பில் ஏறும். "ஏறும்போது எல்லோரும் சளசளவென்று பேசிக்கொண்டுதான் ஏறுவோம். ரோதங் தாண்டினால் பேச்சே இருக்காது" என்பார் மாமா. எஞ்சின் சத்தத்தில் பேச முடியாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவர் சொல்லமாட்டார். அது என்ன என்று நான் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

7-2-1968, புதன்கிழமை. சண்டிகரிலிருந்து லேவுக்கு ஓர் ஏஎன்-12 கிளம்பியது. எண் பிஎல்-534. உள்ளே 102 பேர். பெரும்பாலும் விடுமுறை முடிந்தும் பணி மாறியும் போகும் ராணுவத்தினர். லேயை நெருங்கும்போது வானிலை மோசமாகிவிட்டது. திரும்பிவிடலாம் என்று விமானி முடிவு செய்தார். ரோதங் பக்கம் வரும்போது கடைசியாக ரேடியோவில் தொடர்பு. அதன் பிறகு ஒன்றும் இல்லை.

தேடினார்கள். கிடைக்கவில்லை. மலையில் பனி பெய்துகொண்டிருக்கும் மாதம் அது. விழுந்த அடையாளத்தை ஒரே இரவில் மூடிவிடும்.

எனக்கு அப்போது எட்டு வயது. எங்கள் வீட்டில் செய்தித்தாள் வாங்கும் வழக்கம் இல்லை. ஆனால் மாமா ராணுவத்தில் இருந்ததால் பாட்டிக்கு எப்படியோ செய்தி எட்டிவிட்டது. மாமா அப்போது இருந்தது வேறு இடம், லே அல்ல. அது பாட்டிக்குத் தெரியும். தெரிந்தும், அவருடைய அடுத்த கடிதம் வரும்வரை தபால்காரர் வரும் நேரத்துக்குத் திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை என்று அம்மா சொல்வார். 102 வீடுகளில் அந்தக் காத்திருப்பு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இறந்துவிட்டார் என்றால் அழுது முடிக்கலாம். காணவில்லை என்றால் என்ன செய்வது? காரியம் செய்வதா, சாமிக்கு நேர்ந்துகொள்வதா?

35 வருடம் கழித்து 2003-இல், மணாலி மலையேற்றப் பயிற்சி நிலையத்துக் குழு ஒன்று சந்திரபாகா-13 என்ற சிகரத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. லாகுல் பகுதியில், டாக்கா பனியாறு என்ற இடத்தில், விமானத்தின் உடைந்த பாகங்களைப் பார்த்தார்கள். (வங்கதேசத்து டாக்கா அல்ல. பனியாற்றின் பெயர் அது.) கூடவே ஒரு சிப்பாயின் உடலும் அடையாள அட்டையும். அப்போதுதான் 1968 விமானம் எங்கே போனது என்று நாட்டுக்குத் தெரிந்தது.

பனியாறு என்று ஏழாம் வகுப்பில் படித்தோமே, நினைவிருக்கிறதா? கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் நகரும் பனிக்கட்டி. உள்ளே விழுந்ததை மூடிக்கொண்டு, நகர்ந்து, உருகும் இடத்தில் மெல்ல மெல்ல வெளியே தள்ளும். ராணுவம் அங்கே திரும்பத் திரும்பப் போய்க்கொண்டே இருந்தது. 2007, 2013 என்று ஒவ்வொரு முறையும் ஏதாவது கிடைத்தது. 2018-இல் சிகரத்தின் அடிவார முகாமில் குப்பை பொறுக்கப் போன மலையேறிகள் ஓர் உடலைக் கண்டார்கள். 2019-இல் விமானத்தின் எஞ்சின் முதலிய பெரிய பாகங்கள் கிடைத்தன. 2024 செப்டம்பர் இறுதியில் இன்னும் நான்கு வீரர்களின் உடல்கள். உடலோடு கிடைத்த ஆவணங்கள்தான் அடையாளம் காண உதவின. அவர்களில் ஒருவர் நம் பக்கத்து மாநிலம் கேரளத்தின் பத்தனம்திட்டா மாவட்டத்தைச் சேர்ந்தவர். 56 வருடம் கழித்து, அக்டோபரில், ராணுவ மரியாதையோடு சொந்த ஊரில் அடக்கம் செய்யப்பட்டார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1968-இல் 20 வயதில் காத்திருக்கத் தொடங்கியவருக்கு 2024-இல் 76 வயது. அன்று 50 வயதில் இருந்த தாய் தந்தையர்? 102 பேரில் பெரும்பாலோர் இன்னும் அந்தப் பனிக்குள்தான் இருக்கிறார்கள். ஆனாலும் ராணுவம் தேடுவதை விட்டுவிடவில்லை. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

இனி அடுத்த விமானம். ஏஎன்-12-க்கு வயதாகிக்கொண்டே வந்தது. டகோட்டாவும் பாக்கெட்டும் அதற்கு முன்பே கிழடாகியிருந்தன. நமக்குச் சின்ன, ஆனால் மலையில் முரட்டுத்தனமாக ஏறக்கூடிய விமானம் தேவைப்பட்டது. ஆன்டனோவ் நிறுவனம் கையில் ஏஎன்-26 என்ற இரட்டை எஞ்சின் விமானத்தை வைத்திருந்தது. அதன் எஞ்சின் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2,800 குதிரைத்திறன். நம் வெயிலுக்கும் நம் மலைக்கும் அது போதாது. கோடை வெயிலிலும் காற்று மெலியும் என்பதை மறந்துவிடாதீர்கள். சூடும் உயரமும் சேர்ந்தால் இரட்டை அடி.

அதனால் என்ன செய்தார்கள் தெரியுமா? அதே உடம்பில், ஏஎன்-12-இல் இருந்த எஞ்சின் குடும்பத்திலிருந்து 5,000 குதிரைத்திறனுக்கு மேல் உள்ள எஞ்சின் இரண்டைப் பூட்டினார்கள். எஞ்சின் பெரியது என்றால் விசிறியும் பெரியது. விசிறியின் குறுக்களவு 4.7 மீட்டர். இறக்கைக்குக் கீழே தொங்கவிட்டால் தரையில் இடிக்கும். எனவே எஞ்சினைத் தூக்கி இறக்கைக்கு மேலே வைத்துவிட்டார்கள். மண் ஓடுபாதையில் கல்லும் தூசியும் எஞ்சினுக்குள் போகாமல் இருக்கவும் இது உதவியது. இதுதான் ஏஎன்-32. முதலில் பறந்தது 9-7-1976. முதல் வாடிக்கையாளர் இந்தியா. 1984-இல் நம் விமானப்படையில் சேர்ந்தது. நூற்றுக்கும் மேல் வாங்கினோம். 'சட்லெஜ்' என்று பெயரும் வைத்தோம். சோவியத் நாட்டில் பிறந்தாலும் நம் இமயமலையை மனதில் வைத்துச் செய்த விமானம் அது. தாம்பரம் பக்கம் இருக்கும் நம் மாணவர்கள் பலர் வானத்தில் இதைப் பார்த்திருப்பீர்கள். இறக்கையின் மேல் இரண்டு பானையைக் கவிழ்த்து வைத்தது போல எஞ்சின் தெரிந்தால் அதுதான்.

1984-இல்தான் சியாச்சின் பனியாற்றிலும் நம் ராணுவம் ஏறியது. அங்கே இருப்பவர்களுக்கும் வானத்திலிருந்துதான் உணவு இறங்கியது. 31-5-2008 அன்று ஓர் ஏஎன்-32, நாற்பது வருடத்துக்கு மேல் சும்மா கிடந்த தௌலத் பேக் ஓல்டி ஓடுபாதையில் இறங்கி அதைத் திரும்பத் திறந்துவைத்தது. விளையாட்டில் பேரனின் விமானம் 4,500 மீட்டரில் திணறியதே, அதைவிட 500 மீட்டருக்கு மேல் உயரமான தரையில் இது சக்கரத்தை ஊன்றி நின்றது.

சோவியத் ஒன்றியம் 1991-இல் கலைந்தது. ஆன்டனோவ் நிறுவனம் இருந்த கீவ் நகரம் உக்ரைன் நாட்டின் தலைநகர் ஆனது. 2009-இல் நம் ஏஎன்-32 விமானங்களைப் புதுப்பிக்க உக்ரைனோடு ஒப்பந்தம் போட்டோம். கொஞ்சம் அங்கே, மீதி நம் கான்பூரில் என்று வேலை நடந்தது. விமானத்தைச் செய்த நாடு வரைபடத்தில் இல்லை. விமானம் மட்டும் பறந்துகொண்டிருந்தது.

மலையும் தன் பங்கை வாங்காமல் விடவில்லை. அருணாசலப் பிரதேசத்தில் மெச்சுகா என்ற எல்லையூர்ப் பகுதியில் 2009 ஜூனில் ஓர் ஏஎன்-32 விழுந்து 13 பேர் இறந்தார்கள். 3-6-2019 அன்று ஜோர்ஹாட்டிலிருந்து அதே மெச்சுகாவுக்குப் போன இன்னொன்று காணாமல் போனது. எட்டு நாள் கழித்து 12,000 அடி உயரத்தில், காட்டு மலைச்சரிவில் கண்டுபிடித்தார்கள். அதிலும் 13 பேர்.

ஆனால் நமக்கு மிகவும் பக்கத்தில் நடந்தது மலையில் அல்ல, கடலில்.

22-7-2016, வெள்ளிக்கிழமை. காலை எட்டரை மணியளவில் தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து ஓர் ஏஎன்-32 போர்ட் பிளேருக்குக் கிளம்பியது. எண் கே-2743. உள்ளே 29 பேர். நான் அப்போது பணியில் இருந்தேன். பள்ளியில் காலை வழிபாட்டுக்கு மணி அடிக்கும் வேளை. குன்றத்தூருக்கும் தாம்பரத்துக்கும் எவ்வளவு தூரம், நம் பேருந்தில் ஒரு மணிக்கும் குறைவு. மதியம் செய்தி வந்தது, விமானத்தைக் காணவில்லை என்று. மறுநாள் முதல் ஒரு வாரம் பிள்ளைகள் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "கிடைச்சிடுச்சா டீச்சர்?"

கப்பல்கள் தேடின, விமானங்கள் தேடின. கிடைக்கவில்லை. செப்டம்பரில், 29 பேரும் இறந்துவிட்டதாகக் கொள்ளவேண்டும் என்று குடும்பத்தினருக்குத் தெரிவிக்கப்பட்டது. 1968-இல் 102 வீடுகளில் இருந்த அதே கேள்வி இந்த 29 வீடுகளுக்கும் வந்தது.

ஏழரை வருடம் கழித்து, 2024 ஜனவரியில் விடை வந்தது. அதுவும் நம் பக்கத்திலிருந்தே. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், ஆளில்லாமல் தானே நீந்தும் ஒரு நீர்மூழ்கிக் கருவியை வங்கக் கடலில் இறக்கியது. ஒலி அலைகளைக் கொண்டு கடலடியைப் படம் பிடிக்கும் கருவி அது. சென்னைக் கடற்கரையிலிருந்து சுமார் 140 கடல் மைல் தூரத்தில், 3,400 மீட்டர் ஆழத்தில், விமானத்தின் உடைந்த பாகங்கள் கிடந்தன. படத்தை ஆராய்ந்து, ஏஎன்-32-இன் பாகங்களோடு ஒத்துப்போகிறது என்று பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. அந்தப் பகுதியில் வேறு எந்த விமானமும் காணாமல் போனதாகப் பதிவு இல்லை.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லே ஓடுபாதை கடல்மட்டத்துக்கு மேலே 3,256 மீட்டர். கே-2743 கிடக்கும் இடம் கடல்மட்டத்துக்குக் கீழே 3,400 மீட்டர். மலைக்காகச் செய்த விமானம், ஏறக்குறைய அந்த மலையின் உயரம் அளவுக்கு ஆழத்தில் கிடக்கிறது.

இப்போது சிமுலேட்டருக்கு வருகிறேன். "பிள்ளைகள் இதையெல்லாம் விளையாடலாமா டீச்சர்?" என்று இளம் அம்மாக்கள் சிலர் கேட்டிருந்தீர்கள். தாராளமாக விளையாடட்டும். கணவாய் என்றால் என்ன, பள்ளத்தாக்கு ஏன் வளைகிறது, காற்று மெலிவது என்றால் என்ன என்பதை நான் கரும்பலகையில் ஒரு வாரம் வரைந்து சொன்னதை அது அரை மணி நேரத்தில் காட்டிவிடுகிறது. எஞ்சினை ஏன் இறக்கைக்கு மேலே வைத்தார்கள் என்று பேரன் இப்போது எனக்கே விளக்குகிறான்.

ஆனால் அதில் இல்லாதது ஒன்று உண்டு. அந்த விமானத்தின் பின்பக்கம் காலி. முன்னால் விமானியின் இருக்கை, கருவிகள், முள்கள் எல்லாம் அச்சு அசலாக இருக்கின்றன. பின்னால் தரையில் நெருக்கி உட்கார்ந்து, காது வலியோடு, வீட்டிலிருந்து கொண்டுவந்த பலகாரப் பொட்டலத்தை மடியில் வைத்திருப்பவர் யாரும் இல்லை. அதனால்தான் மோதினாலும் சிரிக்க முடிகிறது, மறுபடியும் பொத்தானை அழுத்த முடிகிறது. அந்தக் காலிப் பகுதியை நிரப்புவதுதான் வரலாறு. பெரியவர்களாகிய நாம் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சொல்ல வேண்டும். "இதே வழியில் 102 பேர் போனார்கள்" என்று நான் சொன்ன பிறகு, பேரன் ரோதங் பக்கம் பறக்கும்போது கொஞ்சம் மெதுவாகப் போகிறான். பயந்து அல்ல. பார்த்துக்கொண்டு போகிறான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நம் குன்றத்தூர், மாங்காடு, பூந்தமல்லி, தாம்பரம் பக்கத்தில் ராணுவத்திலும் விமானப்படையிலும் இருந்து ஓய்வுபெற்றவர்கள் நிறையப் பேர். உங்கள் தாத்தாவோ பெரியப்பாவோ மாமாவோ இருக்கலாம். லேயிலோ சுசூலிலோ அருணாசலத்திலோ இருந்திருந்தால், உட்காரவைத்துக் கேளுங்கள். எந்த வருடம், எந்த விமானம், உள்ளே எப்படி உட்கார்ந்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், கடிதம் எத்தனை நாளில் வந்தது என்று கேளுங்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பழைய கடிதம், அடையாளப் புத்தகம், படம் இருந்தால் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள். பெரிய தளபதிகளைப் பற்றிப் புத்தகம் எழுத ஆள் இருக்கிறது. மண்ணெண்ணெய் பீப்பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனவரைப் பற்றி அவர் வீட்டார்தான் எழுத வேண்டும்.

சின்ன மாமாவைப் பற்றி வேறு விவரம் நினைவிருக்கும் உறவினர்கள் கீழே எழுதுங்கள். அக்கா மகள் வீட்டில் அவருடைய கம்பளித் தொப்பி இன்னும் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். இருந்தால் ஒரு படம் அனுப்பு அம்மா, பேரனுக்குக் காட்ட வேண்டும்.

எல்லோரும் நலமாக இருங்கள். இரவு ஷிப்ட் முடிந்து இதைப் படிப்பவர்கள் முதலில் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். பின்னூட்டம் நாளைக்கு எழுதலாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
குன்றத்தூர்